எதிர்பாராத கர்ப்பமா? முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்

நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே பல பெண்கள் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும், பிரசவத்துக்கு எவ்வளவு ஆகும், வேலைக்குப் போக முடியாத மாதங்களில் வாடகையை யார் கொடுப்பது? வட்டி கட்டவே திணறும் வீட்டில், கைக்குழந்தை இன்னும் பால் மறக்காத வீட்டில், அல்லது திருமணமே ஆகாத நிலையில் இந்தக் கணக்கு சீக்கிரமே பயமாகிவிடுகிறது. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று பலர் தள்ளிப்போடுவது அந்தப் பயத்தால்தான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் பண உதவி இந்தத் தாமதத்தால் கைநழுவிப் போகலாம்.

வாரக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

கர்ப்பத்தின் வாரங்களை மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளி ஒரு வாரம் கழித்துப் பரிசோதனை செய்தால்கூட ஐந்து வாரம் முடிந்திருக்கும். அரசின் முக்கிய உதவித்தொகைக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படியானால் யோசிக்க மீதமிருப்பது ஏழு வாரம்தான். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கும், பாலூட்டும் காலத்தில் கருத்தரித்ததை அறியாமல் இருப்பவர்களுக்கும் அதுவும் இருக்காது.

சிறுநீர்ப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். கர்ப்பம் உறுதியானால் கிராம சுகாதார செவிலியரிடமும், நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்குங்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது அவசியம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் இதே எண்ணைக் கேட்பார்கள்.

பதினெட்டாயிரம் ரூபாய் எப்படி வருகிறது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. இப்போது இதன் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் பணமாக வருகிறது. மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருகிறார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்த, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது கிடைக்கும்.

பணம் மொத்தமாக வராது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, பிரசவமாகி நான்காம் மாதத்தில் 6,000, குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் 2,000 என்று மூன்று தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் நிபந்தனை உண்டு. கர்ப்ப காலப் பரிசோதனைகளுக்கு விடாமல் போயிருக்க வேண்டும். பிரசவம் அரசு மருத்துவமனையில் நடந்திருக்க வேண்டும். குழந்தைக்கு உரிய தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். கெடுபிடிபோலத் தோன்றினாலும் இது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் இந்தப் பரிசோதனைகளில்தான் முதலில் பிடிபடுகின்றன.

பணம் தடைபடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். வங்கிக் கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் கணக்கு, மாமியார் கணக்கு உதவாது. ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் அப்பாவின் இனிஷியலும் வங்கிப் புத்தகத்தில் கணவரின் இனிஷியலும் இருந்தால் பணம் நின்றுவிடலாம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது பிக்மி எண்ணையும் தாய்சேய் நல அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தவணை வரவில்லையென்றால் செவிலியரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், இது உங்களுக்கு உரிய பணம்.

மூன்றாவது குழந்தை என்றால்

திட்டமிடாத கர்ப்பம் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகும் வருகிறது. மூன்றாவது பிரசவத்துக்கு 18,000 ரூபாய் கிடையாது என்பதைக் கேட்டதும் "இனி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன பயன்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறான முடிவு.

2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் எத்தனையாவது பிரசவம் என்ற கேள்வியே இல்லை. சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனைகள் எல்லாமே இலவசம். தங்கியிருக்கும் நாட்களில் உணவும், வீடு திரும்ப வாகனமும் தருகிறார்கள். குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு வயதுவரை அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் இலவசம். தனியாரில் ஒரு சிசேரியனுக்கு ஆகும் தொகையை நினைத்துப் பார்த்தால், இந்த உதவிதான் எல்லாவற்றிலும் பெரியது என்பேன். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு தருகிறார்கள். அதை வீட்டில் எல்லோருக்கும் பங்குவைக்காமல் கர்ப்பிணியே சாப்பிட வேண்டும்.

வேலை பார்க்கும் பெண்களுக்கு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. 1961-இல் சட்டமான இந்த உரிமை, 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். திருமணமானவரா என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம்.

பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ வேலை செய்து இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறது என்றால், விடுப்புக் காலச் சம்பளம் இ.எஸ்.ஐ. மூலம் வரும். கட்டட வேலை, வீட்டு வேலை, தையல் வேலை செய்பவர்கள் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அங்கேயும் மகப்பேறு உதவித்தொகை கேட்கலாம்.

கருவைத் தொடர முடியாத நிலையில்

1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்ட சட்டம், 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள் உள்ளிட்ட சிலருக்கு இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம்வரை அனுமதி உண்டு. திருமணமாகாத பெண்களுக்கும் இந்த உரிமை சமமானது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்து தேவையில்லை. விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் சட்டக் கடமை. அரசு மருத்துவமனையில் கருக்கலைப்பு இலவசம்.

செலவுக்குப் பயந்து மருந்துக் கடையில் ரகசியமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாதி கலைந்து உதிரப்போக்கு நிற்காமல் போனாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

தனியாக நிற்பவர்களுக்கு

கைவிட்டுப் போன கணவரிடம் ஜீவனாம்சம் கேட்க நீதிமன்றம் போகலாம். அதற்கான வக்கீலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100. வீட்டில் அடி உதை, மிரட்டல், தங்க இடமில்லை என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர் 18 வயதுக்குட்பட்ட சிறுமி என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் இயங்குகிறது. சிறார்மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றம் சிறுமிக்கு இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடவும் வழி இருக்கிறது.

பெற்ற குழந்தையை வளர்க்கவே முடியாது என்ற நிலை வந்தால் யாரிடமும் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடாதீர்கள், அது குற்றம். குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் தருகிறார்கள்.

கடன் வாங்கும் முன்

பிரசவத்துக்கென்று மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கி, பிள்ளை நடக்கும் வயதிலும் அதைக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. தாலியை அடகு வைப்பதற்கு முன் செவிலியரிடம் ஒரு முறை பேசுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மருத்துவ உதவி எண் 104-ஐ அழைத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, உங்கள் தங்கையோ, உடன் வேலை செய்பவரோ இந்த நிலையில் இருந்தால், எப்படி ஆயிற்று என்று விசாரிக்காமல் சுகாதார நிலையம்வரை அவரோடு கூடப் போய்வாருங்கள்.