பாட்டியின் நடை சொல்லும் சேதி

சிங்கப்பூரில் சாலையைக் கடக்கும்போது கவனித்திருப்பீர்கள். மூத்தவர்கள் சிலர் தங்கள் சலுகை அட்டையைச் சமிக்ஞைக் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டுவார்கள். பச்சை விளக்கு அவர்களுக்காக 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். 2009இல் அறிமுகமான வசதி இது. அந்தச் சில விநாடிகள் அவர்களுக்கு ஏன் தேவைப்படுகின்றன?

"வயதாகிவிட்டது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், 85 வயதிலும் விறுவிறுவென நடப்பவர்கள் உண்டு. 70 வயதிலேயே தள்ளாடுபவர்களும் உண்டு. இந்தத் தள்ளாட்டத்திற்குப் பின்னால் இருக்கக்கூடிய ஒரு நிலையை மருத்துவர்கள் 'உடல் நலிவு' என்கிறார்கள்.

நம் உறுப்புகளில் அன்றாடத் தேவைக்கு மேல் கொஞ்சம் ஆற்றல் கையிருப்பாக இருக்கும். நோய் வந்தால் உடல் அதைக் கொண்டு சமாளிக்கும். அந்தக் கையிருப்பு கரைந்துபோவதே நலிவு. உங்களுக்கு இரண்டு நாளில் தீரும் காய்ச்சல், நலிவுற்றவரைப் படுத்த படுக்கையாக்கிவிடலாம்.

2001இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவரது குழுவினரும் இதற்கு ஐந்து அறிகுறிகளை வகுத்தனர்: முயலாமலே எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலிமை குறைதல், மெதுவான நடை, குறைந்த உடலியக்கம். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நலிவு. ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு முந்தைய நிலை.

இவை ஒன்றையொன்று வளர்க்கும். நடமாட்டம் குறைந்தால் தசை கரையும். தசை கரைந்தால் சீக்கிரம் களைப்பு வரும். களைத்தவர் மேலும் உட்கார்ந்தே இருப்பார், பசியும் குறையும். "நீங்க உட்காருங்க பாட்டி, நான் செய்றேன்" என்று எல்லா வேலையையும் நாம் பிடுங்கிக்கொண்டால், அன்பினாலேயே அந்தச் சுழலை வேகப்படுத்துகிறோம்.

சுழலை உடைக்க முடியுமா? 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதுடைய பத்துப் பேர் கால்களுக்கான பளுப் பயிற்சியைத் தொடங்கினர். எட்டு வாரங்களை நிறைவுசெய்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது! தொண்ணூறிலும் தசை வளரும் என்பதை உலகம் கண்டது.

வீட்டில் நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். தரையில் 6 மீட்டர் அளந்து, தாத்தாவையோ பாட்டியையோ வழக்கம்போல் நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். விநாடிக்கு 1 மீட்டருக்கும் குறைவான வேகத்தை, தசை இழப்பை ஆராயும் ஆசிய வல்லுநர் குழு 2019இல் எச்சரிக்கை அளவாகக் குறித்தது. அதாவது, 6 விநாடிக்கு மேல் ஆனால் பெற்றோரிடம் சொல்லுங்கள். மருத்துவர் காரணத்தைக் கண்டறிவார்.

அதுவரை, சந்தைக்குப் பாட்டிக்குப் பதிலாகப் போகாதீர்கள், பாட்டியுடன் போங்கள்.