விழாக்களின் கதை - 9: 77 நிமிடப் படமும் ஒரு மேயரும்

போன வாரம் வெனிஸில் நிறுத்தியிருந்தோம். 1938-ல் முசோலினி பெயரிலான கோப்பையை, லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த பெர்லின் ஒலிம்பிக் படத்துக்கும் முசோலினியின் மகன் மேற்பார்வையில் உருவான விமானிப் படத்துக்கும் கூறு போட்டுக் கொடுத்தார்கள். அந்த எரிச்சலில்தான் பிரான்ஸ் கான் விழாவைத் தொடங்கத் துணிந்தது. சர்வாதிகாரியின் தலையீட்டில் ஒரு வசதி உண்டு. அது கண்ணுக்குத் தெரியும். இந்த வாரம் போகும் தென்கொரியா, தேர்தல் நடக்கிற நாடு. அங்கே யாரும் படத்தைத் தடை செய்யவில்லை. கணக்குதான் கேட்டார்கள்.

பூசான் துறைமுக நகரம். ஜகால்சி மீன் சந்தையை ஒட்டிய நாம்போ-டோங் தெருத் திரையரங்குகளில் 1996 செப்டம்பரில் அந்த ஊரின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. அப்போது கொரியத் திரையரங்குகளில் ஜப்பானியப் படங்களுக்கு அனுமதி கிடையாது. காலனி ஆட்சி விட்டுப்போன கசப்பு. அந்தத் தடை தளரத் தொடங்கியதே 1998 கடைசியில்தான். ஆனால் பூசான் விழா முதல் ஆண்டிலேயே ஜப்பானியப் படங்களைத் திரையிட்டது. திரைப்பட விழா எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: சட்டமோ வியாபாரமோ வெளியே காட்ட விடாததை ஓர் ஊர் பத்து நாள் பார்த்துவிட்டு, வானம் இடிந்து விழவில்லை என்று தெரிந்துகொள்ள. சிவப்புக் கம்பளமும் செல்ஃபியும் ஸ்பான்சர்களுக்காக.

விழாவை நிறுவியவர்களில் மூத்தவர் கிம் டோங்-ஹோ. கலாச்சாரத் துறையில் துணை அமைச்சராக இருந்தவர். உள்ளேயிருந்து வந்தவர் என்பதால், அரசாங்கத்தை எந்த வாசலோடு நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பணம் கொடுங்கள், படத்தேர்வில் கை வைக்காதீர்கள்; இதுதான் நடைமுறை. ஆனால் அன்று சட்டப்படி அமைப்புக் குழுவின் தலைவராக, பதவி வழியாக, பூசான் மேயர்தான் இருந்தார். அப்போது விழாவின் ஆண்டுச் செலவு சுமார் 1,200 கோடி வான். அதில் ஏறத்தாழ பாதியைத் தந்ததும் அவருடைய மாநகராட்சிதான். பதினெட்டு ஆண்டுகள் இந்த ஓட்டை யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

2014 ஏப்ரல் 16 அன்று, இஞ்சியோனிலிருந்து ஜேஜு தீவுக்குப் போன செவோல் என்ற கப்பல் ஜிண்டோ தீவுக்கு அருகே கவிழ்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் 476 பேர். இறந்தவர்கள் 304 பேர். அவர்களில் 250 பேர் டான்வான் மேல்நிலைப் பள்ளியிலிருந்து சுற்றுலா புறப்பட்ட மாணவர்கள். அசையாமல் அறையிலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள். கரையில் காத்திருந்த பெற்றோர் முதலில் கோபப்பட்டது கடலோரக் காவல்படை மீது, அடுத்தது ஜனாதிபதி பார்க் குன்-ஹே மீது.

அந்த நாட்களில் ஒரு தனியார் மீட்பு நிறுவனம் 'டைவிங் பெல்' என்ற சாதனத்தைக் கொண்டுவந்தது. கவிழ்த்த மணி போன்ற இரும்புக் கூண்டு. உள்ளே காற்று நிற்கும். முக்குளிப்பவர் அடிக்கடி மேலே வராமல் நீருக்கடியிலேயே ஓய்வெடுத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்றார்கள். அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். கடைசியில் இறக்கியும் பலனில்லை. மே தொடக்கத்தில் யாரையும் மீட்காமல் அது கரையேறியது. இதை வைத்து பத்திரிகையாளர் லீ சாங்-ஹோவும் ஆவணப்பட இயக்குநர் ஆன் ஹே-ரியோங்கும் எடுத்த 77 நிமிடப் படத்தை 2014 அக்டோபர் விழாவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அது மகத்தான படம் என்று நினைத்துவிடாதீர்கள். விபத்து நடந்து ஆறே மாதத்தில் திரைக்கு வந்த, ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிற படம். மாணவர் அல்லாத பயணிகளின் குடும்பங்கள் அமைத்த குழுவே அதைத் திரையிடக் கூடாது என்றது. அந்த எதிர்ப்பை மதிக்கத்தான் வேண்டும். இழவு வீட்டின் கோபம் அது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த மேயர் சோ பியோங்-சூவின் கோரிக்கை வேறு. விழாவின் அரசியல் நடுநிலை கெடுகிறது, படத்தை எடுத்துவிடுங்கள் என்றார் அவர். ஆட்சியாளருக்குப் பிடிக்காத படத்தை ஆட்சியாளர் சொல்லி எடுப்பது எந்தக் கணக்கில் நடுநிலை? விழா இயக்குநர் லீ யோங்-குவான் மறுத்தார். படம் ஓடியது.

பிறகு ஆரம்பித்தது கணக்கு வழக்கு. மாநகராட்சி விழா அலுவலகத்தை ஆய்வு செய்தது. 2015 ஜனவரியில் இயக்குநரைப் பதவி விலகச் சொன்னது. கொரியத் திரைப்பட மன்றம் அந்த ஆண்டு நிதியுதவியை 146 கோடி வானிலிருந்து 80 கோடியாகக் குறைத்தது. 1987-ல் வெனிஸில் சிறந்த நடிகை விருது வாங்கிய காங் சூ-யோன் இணை இயக்குநராக வந்து சமாதானத்துக்குப் பார்த்தார், நடக்கவில்லை. ஆண்டு முடிவில், ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்ததற்கான கமிஷனைத் தவறாகக் கொடுத்தார்கள் என்று லீ மீது மாநகராட்சி குற்றப் புகார் கொடுத்தது. 2016 பிப்ரவரியில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. போகும் முன் 68 திரைத்துறையினரை ஆலோசகர்களாக அவர் சேர்த்திருந்தார். மாநகராட்சி அதற்கும் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது.

கமிஷன் விஷயத்தில் தவறே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. முதலில் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்த வழக்கு, மேல்முறையீட்டில் 50 லட்சம் வான் அபராதமாகச் சுருங்கியது. நம் பணத்தில் சுமார் மூன்று லட்சம் ரூபாய். இருபது வருடம் ஓடிய எந்தப் பொது அமைப்பைக் குடைந்தாலும் இப்படி ஒரு தாள் கிடைக்கும். அதைத் தேடும் ஆசை அந்தப் படத்துக்குப் பிறகுதான் வந்தது என்பதே என் புகார்.

2016 ஏப்ரலில் கொரியத் திரைத்துறையின் ஒன்பது அமைப்புகள் ஒன்றுகூடி, விழாவைப் புறக்கணிப்போம் என்றன. மேயர் இறங்கிவந்தார். தலைவர் பதவியை விட்டார். முதல் முறையாக அரசியல் பதவி இல்லாத ஒருவர், கிம் டோங்-ஹோ, அந்த இடத்துக்கு வந்தார். சட்டவிதிகளும் திருத்தப்பட்டன. ஆனால் எல்லா அமைப்புகளும் புறக்கணிப்பைக் கைவிடவில்லை. முந்தைய ஆண்டு 2 லட்சத்து 27 ஆயிரமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை, 2016-ல் 1 லட்சத்து 65 ஆயிரமாகச் சரிந்தது. ஹேயுண்டே கடற்கரையில் போட்டிருந்த விழா மேடைகளை சாபா என்ற புயல் வேறு பிய்த்துப் போட்டது.

அதே 2016 அக்டோபரில் வேறொரு புயலும் கிளம்பியது. கலைஞர்களின் கறுப்புப் பட்டியல் வெளியே வந்தது: 9,473 பெயர்கள். எதிர்க்கட்சி வேட்பாளரை ஆதரித்தவர்கள், செவோல் விபத்து பற்றிய அறிக்கைகளில் கையெழுத்திட்டவர்கள். இவர்களுக்கு அரசு உதவி போய்விடக் கூடாது என்பது ஏற்பாடு. டைவிங் பெல் படத்தின் டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி அரங்கைக் காலியாக வைக்கவும், படத்தைத் திட்டி எழுதவைக்கவும் ஜனாதிபதி மாளிகையிலிருந்து உத்தரவு போனதாக விசாரணையை ஒட்டிச் செய்திகள் வந்தன. 2017 ஜனவரியில் கலாச்சார அமைச்சர் சோ யூன்-சனும், ஜனாதிபதியின் முன்னாள் தலைமைச் செயலர் கிம் கி-சூனும் கைதானார்கள். மார்ச் மாதம் பார்க் குன்-ஹேவே பதவி இழந்தார். அமைச்சரைக் கைது செய்யும் அளவுக்கு இதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்ட நாடு என்பதற்காக நான் கொரியாவுக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

இழப்பும் இருந்தது. தொடக்கம் முதல் படங்களைத் தேடித் தேர்ந்தெடுத்த கிம் ஜி-சோக், இந்தச் சண்டையெல்லாம் தாங்கிக்கொண்டு வேலை பார்த்தவர், 2017 மே மாதம் கான் நகரில் மாரடைப்பால் இறந்தார்.

லீ யோங்-குவான் 2018-ல் விழாவின் தலைவராகவே திரும்பிவந்தார். கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். 2023-ல், தனக்கு வேண்டியவரை நிர்வாகப் பதவிக்குக் கொண்டுவந்தார் என்று அவர் மீதே திரைத்துறை குற்றம் சாட்டியது, விழா இயக்குநர் பாலியல் புகாரில் சிக்கி விலகினார், லீயும் விலகினார். மேயர் இல்லாத நாற்காலியிலும் அதிகாரம் உட்காரத்தான் செய்கிறது. அதற்காக மேயரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று பூசானில் யாரும் கேட்கவில்லை. தவறு செய்த தலைவரைத் திரைத்துறைக்காரர்களே கேள்வி கேட்டு அனுப்ப முடிந்தது. மேயரை அனுப்ப அவர்களுக்கு ஒரு விழாவையே பலி கொடுக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் விழாக்களின் அழைப்பிதழை அடுத்த முறை வாங்கினால் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். தலைவர் யார், பணம் யாருடையது என்று அங்கேதான் இருக்கும்.

அடுத்த வாரம் கோவா. 2017-ல் இந்தியன் பனோரமாவுக்கு நடுவர் குழு தேர்ந்தெடுத்த இரண்டு படங்களை, 'எஸ் துர்கா'வையும் 'நியூட்'டையும், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பட்டியலிலிருந்து நீக்கியது. நடுவர் குழுத் தலைவர் சுஜோய் கோஷ் பதவியை உதறினார்.

(தொடரும்)