காசு சேர்ந்துவிட்டது, கதைக்க ஆள் இல்லை

கிழக்குக் கரையின் ஒலுவிலில் ஒருவருக்குக் கென்சர் என்றால் அடுத்த ஜும்ஆவுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அவருடைய படம் வரும், கீழே வங்கிக் கணக்கு இலக்கம் வரும். பள்ளிவாசலில் அறிவிப்பார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற தம்பிமார் அனுப்புவார்கள். கொடுப்பதில் நம் மக்கள் சளைத்தவர்கள் அல்லர். 2016இல், புற்றுநோய்க்குள்ளான மகனின் தந்தையான எம்.எஸ்.எச். மொஹமட், மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபா வேண்டும் என்று கேட்டபோது, இனமத பேதம் பாராமல் நாடே கொடுத்ததை மறக்க முடியாது.

காசு வந்து சேர்ந்த பிறகு அந்த மனிதர் என்ன ஆகிறார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணத்தோடு ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போகிறான். அவளுக்கு ஒரு வருத்தம் என்றால் உம்மா பக்கத்து வளவில், ராத்தா அடுத்த வீட்டில். அழுவதற்கும் ஆள் உண்டு, திட்டுவதற்கும் ஆள் உண்டு. ஆணுக்கு அது இல்லை. கடலுக்கோ வயலுக்கோ கடைக்கோ போய்க் கொண்டுவந்து கொடுக்கும் வரை அவன் வீட்டுக்காரன். உழைப்பு நின்றதும், அதே வீட்டில் விருந்தாளி போல் ஒதுங்கத் தொடங்குகிறான். யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் அவனுக்கு அப்படித்தான் படும். நோய் பார்க்க வருகிறவர்கள், "ஒண்டுமில்ல காக்கா, அல்லாஹ் சுகமாக்குவான்" என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். துஆ வேண்டியதுதான். ஆனால் அவருக்குக் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன.

அந்தக் கேள்விகள் எளிதானவை அல்ல. இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் பெரும் காரணம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. தாடையில் ஒரு பகுதியை எடுத்த பிறகு சபையில் இருந்து எப்படிச் சாப்பிடுவது? எச்சில் வடிந்தால் என்ன செய்வது? புரஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர் அடக்க முடியாமல் போவதும் தாம்பத்தியம் தடைப்படுவதும் பலருக்கு வரும். அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? கிளினிக்கில் டொக்டருக்கு இருக்கிற சில நிமிடத்தில், பக்கத்தில் மகன் நிற்கும்போது, இவற்றில் ஒன்றையாவது கேட்பாரா?

குடல் புற்றுநோயால் வயிற்றில் பை பொருத்தப்பட்டவரின் நிலை இன்னும் கடினம். தான் அசுத்தமாகிவிட்டதாக அவராகவே முடிவு கட்டிப் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். தொடர் உபாதை உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஷாஃபி மத்ஹபின்படி ஒவ்வொரு பர்ளான தொழுகைக்கும் நேரம் நுழைந்த பின் வுழூச் செய்து தொழலாம். விவரத்தை மௌலவி சொல்வார். ஆனால் தொழுகைக்கு முன் பையை எப்போது மாற்றுவது, சாரத்துக்குள் எப்படிக் கட்டுவது, ஸுஜூதில் அழுத்தாமல் எப்படிக் குனிவது என்பதை மௌலவியும் சொல்ல முடியாது, டொக்டரும் சொல்ல முடியாது. ஏற்கெனவே பையோடு இரண்டு வருடம் தொழுதவர்தான் சொல்ல முடியும்.

ஒரே நோயைக் கடந்தவர்களும் கடந்துகொண்டிருப்பவர்களும் சேர்ந்து இருந்து கதைக்கிற ஆதரவுக் குழு இதற்குத்தான். 1990இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், புரஸ்டேட் புற்றுநோய் கண்ட ஜேம்ஸ் முல்லன் ஆண்களுக்காக இப்படியொரு குழுவைத் தொடங்கினார். பின்னர் அது நாடெங்கும் பரவியது. மனைவிமாருக்கென்று தனி அமர்வும் வந்தது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கேரளத்தின் மலப்புறம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த மாவட்டத்திலிருந்து 2001இல் அயலவர் வலைப்பின்னல் என்ற முறை வளர்ந்தது. பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்கு வாராவாரம் போனார்கள். கடைக்காரர்களும் மாணவர்களும் சில்லறை சேர்த்துச் செலவைத் தாங்கினார்கள். 2008இல் கேரள அரசு நோவுதணிப்புப் பராமரிப்புக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அங்கேயும் ஆரம்பத்தில் இருந்தது பணமல்ல, நேரம் ஒதுக்க முன்வந்த அயலவர்கள்தான்.

குழுவில் இருந்தால் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1989இல் ஓர் ஆய்வு அப்படி நம்பிக்கை தந்தது. 2001இல் 235 பெண்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனச்சோர்வும் வலியின் உறுத்தலும்தான் குறைந்தன. என் கணக்கில் அதுவே போதும். இந்த ஆய்வுகள் இரண்டுமே மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் நடந்தவை என்பதையும் கவனியுங்கள். ஆண்கள் இப்படியான அறைக்குள் வருவதே குறைவு.

குழுவால் கிடைக்கும் இன்னொரு பலன் உரிமைகளைப் பற்றிய தகவல். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ் ஏறி மஹரகம போக முன் எதை மட்டக்களப்பிலேயே செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மஹரகமவில் சிங்களம் தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் அதிகம். 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. அதிகாரி ஒருவர் மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். செலவுக்கு ஜனாதிபதி நிதியம் உண்டு. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், நம்மவர்களுக்கு அது அட்டாளைச்சேனை. ஆசிரியர், எழுதுவினைஞர் போன்றவர்கள் அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியை மறந்துவிடுகிறார்கள். முன்பு விண்ணப்பித்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், ஒரு தாள் குறைந்தது என்பதற்காக இரண்டாம் தடவை அலைய வேண்டியிருக்காது.

அபாயங்களும் உண்டு. முதலாவது, மருந்து வியாபாரி. நோயாளிகள் சேருகிற இடத்துக்கு அவன் மோப்பம் பிடித்து வருவான். "கீமோவை விடுங்கள், இந்தக் கஷாயம் போதும்" என்கிறவரை, அவர் மௌலவியின் மச்சானாக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிட வேண்டும். ஒருவர் தன் மாத்திரையின் அளவை இன்னொருவருக்குச் சொல்வதும் கூடாது. உடலைப் பற்றிக் கதைக்கலாம், மருந்து விஷயம் டொக்டரோடு. இரண்டாவது, கைபேசி. குழுவில் கேட்டது வெளியே போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. காசு சேர்க்கப் போட்ட படத்தைக் காசு சேர்ந்ததும் அழிக்கச் சொல்லவும் நோயாளிக்கு உரிமை இருக்க வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் வாப்பாவின் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருப்பதை எவர் விரும்புவார்? மூன்றாவது, பணம். குழு உண்டியல் வைக்கத் தொடங்கினால் கணக்கும் கேள்வியும் வரும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டிவரும். ஆரம்பத்தில் உண்டியலே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

குழுவில் ஒருவர் மௌத்தாகும் நாளும் வரும். ஜனாஸாவுக்கு எல்லோரும் போவார்கள். மற்றவர்கள் தங்கள் நாளை எண்ணத் தொடங்குவது அதற்கு அடுத்த வாரம்தான். அந்த வாரக் கூட்டத்தை நிறுத்தக் கூடாது. அவரைப் பற்றியே கதைக்க வேண்டும். அதிலும் தேறாமல், தூக்கமும் பசியும் போய், வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் குழுவின் வேலை அவரோடு டொக்டரிடம் போவது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். புகையிலையை விடத் துணை வேண்டுமானால் 1948.

தொடங்க மூன்று பேர் போதும். பதாதையும் பிரதம அதிதியும் வேண்டாம், அவை வந்தால் நோயாளி வரமாட்டார். அஸருக்குப் பின் ஒரு வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் கடற்கரை. கிளினிக் தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ புதிதாக நோய் கண்டவரிடம் சம்மதம் கேட்டுக் குழுவின் இலக்கத்தைக் கொடுத்தால் போதும். நோயாளியின் இலக்கத்தைக் குழுவுக்குக் கொடுக்கக் கூடாது. முதல் நாள் அவர் வாய் திறக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வாயில் இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்கக் கஷ்டம் என்று யாராவது குடும்பத்தில் சொன்னால் அரச பல் கிளினிக்குக்கு அனுப்பிவைப்பதும் இந்த மூன்று பேரின் வேலைதான். அவர்களைவிட நன்றாக அதை எடுத்துச் சொல்ல இந்த ஊரில் யாரும் இல்லை.