பட்டியலில் இல்லாத பெயர்



2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என நம் நாடு அறிவித்தது. ஓகஸ்டில், 87 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாய் ஆயிற்று. கரையில் ஏற்றிய படகுகள் பல கடலுக்குப் போகவில்லை. செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை, ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 95 வீதம் கூடியிருந்தது. இருந்தவர்கள் செலவைக் குறைத்தார்கள். இல்லாதவர்கள் எதைக் குறைப்பது? பிள்ளைகளின் ஒருவேளைச் சாப்பாட்டைத்தான்.

இத்தகைய வேளையில் ஏழைகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். எருசலேமின் தொடக்கச் சபையில் நாள்தோறும் உணவுப் பகிர்வு நடக்கிறது. கொடுக்க மனமும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. ஆனாலும் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள். (பெரும்பான்மையோரின் மொழி பேசாதவர்கள் வரிசையில் பின்தள்ளப்படுவது அன்றே இருந்திருக்கிறது!) முணுமுணுப்பு எழுகிறது. பொறுமையாய் இருங்கள் என்று சொல்லித் திருத்தூதர்கள் அதை அடக்கவில்லை. சீடர்கள் எல்லாரையும் கூட்டி, நற்பெயர் பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தேர்வான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. விடுபட்டவர்களை நன்கு அறிந்தவர்களிடமே பொறுப்புப் போய்ச் சேர்ந்தது எனக் கொள்ளலாம். நம் முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவான்மீது கைகளை வைத்துச் செபித்தது இந்தப் பந்திப் பணிக்காகத்தான்.

நம் நாட்டில் சமுர்த்திக்கு அடுத்து, 2023இல் அஸ்வெசும உதவித்திட்டம் வந்தது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாயும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாயும் என வகுத்தார்கள். பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. இடையில் யார் தயவும் வேண்டாம். இதை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும். கல்வி, உடல்நலம், வீடு, சொத்து, பொருளாதார நிலை, குடும்ப அமைப்பு என 22 அளவுகோல்கள் கொண்டு குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் எவ்வளவு நேர்த்தியாயிருந்தாலும், கணக்கெடுத்த நாளுக்குப் பின் வேலை இழந்தவரை அது அறியாது. அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லாதவருக்குப் பெயர் இருந்தும் பணம் எட்டாது.

சும்மா கொடுத்தால் மக்கள் சோம்பேறியாவார்கள் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு, அதுவும் கோவில் வாசலிலேயே. லேவியர் 19ஆம் அதிகாரம் வேறுவிதமாய்ப் பேசுகிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடும்படி கடவுள் உரிமையாளருக்குக் கட்டளையிடுகிறார். அது அவருடைய தாராளத்தைப் பொறுத்ததல்ல, சட்டம். பொறுக்க வந்த ரூத்து மோவாபு நாட்டுப் பெண்; அயல் நாட்டவளுக்கும் அந்த வயலில் உரிமை இருந்தது. உலகம் முழுவதும் வேலையின்மை பரவிய 1931இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அதற்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதியபோதும், முதலில் நினைத்தது பசித்த குழந்தைகளை.

ஆகவே அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். ஆனால் விடுபட்டவர் யார் என்பது பிரதேச செயலகத்துக்குத் தெரிவதற்கு முன் அன்பியத்துக்குத் தெரியும். வாரந்தோறும் கூடும் பத்துப் பதினைந்து வீடுகளில், மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பத் தெரிந்த ஒரு பிள்ளையாவது இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத முதியவரைக் கிராம உத்தியோகத்தரிடம் கூட்டிப்போக ஒரு காலைப்பொழுது போதும். வின்சென்ட் டி போல் சபையின் உதவி அரிசிப் பையோடு நிற்காமல் வங்கி வாசல்வரை போகலாம்.

கணவர் இறந்தபின் தாய்வீட்டுக்குத் திரும்பி, அண்ணன் குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் நம் சகோதரியின் பெயர் இப்போது எந்தக் குடும்பத்தின் பதிவில் இருக்கிறது? இந்த வாரம் அவரிடமே போய்க் கேட்போம்.