நீர்வடிப்பகுதி வேலைகளும் ஊர்ப் பங்குப் பணமும்

மழை விட்ட மறுநாள் ஊர் ஓடையில் ஓடும் ஜலத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, அரை நாள் அசையாமல் வைத்துப் பார்த்தால், அடியில் மண் படிந்திருப்பதைக் காணலாம். அந்த மண் மேட்டு நிலத்துக்காரருக்கு நஷ்டம். அதுவே கீழே சென்று ஏரியில் படிவதால் ஆயக்கட்டுக்காரருக்கும் நஷ்டம். ஓர் ஓடையில் வந்து சேரும் மழைநீர் எவ்வளவு பரப்பில் விழுகிறதோ, அப்பரப்பு முழுவதையும், குன்றின் உச்சி முதல் ஓடையின் வாய் வரையில், ஒன்றாக எண்ணி நீர்வடிப்பகுதி என்கிறோம். பட்டா, மேய்ச்சல் புறம்போக்கு, காடு என்னும் பாகுபாடெல்லாம் சர்வே கல்லுக்குத் தெரியுமேயன்றி ஜலத்துக்குத் தெரியாது.

ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 2½ ஏக்கர் நிலத்தில், 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் ஜலம் 1 லட்சம் லிட்டர். 500 ஹெக்டேர் கொண்ட ஒரு சிறு நீர்வடிப்பகுதியில் 5 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்யுமாயின் அது 25 கோடி லிட்டர். இதில் எத்தனை பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது, எத்தனை பங்கு மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது என்பது, மேலே உள்ள சரிவின் நிலையைப் பொறுத்தது. ஆகையால் வேலையை உச்சியில் தொடங்கிக் கீழ் நோக்கி வரவேண்டும் என்பது விதி. முதலில் சரிவுகளில் சமமட்ட வரப்பும் பள்ளமும் அமைத்துப் புல்லும் மரமும் வளர்த்தல். பிறகு ஓடைகளின் தலைப்பில் கல் அடுக்கு. அதன் பின்னரே கசிவுநீர்க் குட்டைகளும் தடுப்பணைகளும். ஆனால் கிராமங்களில் கூட்டம் போட்டுக் கேட்டால் எல்லோரும் முதலில் கேட்பது தடுப்பணையே. தடுப்பணை கண்ணுக்குத் தெரிகிறது. பெயர்ப்பலகை வைக்கவும் வசதியாயிருக்கிறது. மேலே ஒன்றும் செய்யாமல் கீழே அணை கட்டினால், அது நீரைத் தேக்குவதற்கு முன் மண்ணைத் தேக்கிக்கொள்ளும்.

இவ்வேலைகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் பணம் சிறு தொகையன்று. 2009 முதல் சமவெளிப் பகுதிகளுக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் என்றிருந்தது, 2021-ல் வகுத்த திட்டத்தில் 22,000 ரூபாயாகவும், மலை முதலிய கடினமான பகுதிகளுக்கு 28,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நம் போன்ற மாநிலங்களில் அதில் 60 பங்கு மத்திய சர்க்காருடையது. 40 பங்கு மாநில சர்க்காருடையது. திட்டத்தைக் கிராம சபையின் சம்மதத்தோடு ஊரிலேயே அமைந்த நீர்வடிப்பகுதிக் கமிட்டி நடத்துகிறது. இதுவரை அநேகருக்குத் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், அல்லது தெரிந்தும் தவறாக எண்ணப்படும் விஷயம், பங்குப் பணம்.

2008-ம் ஆண்டின் பொது விதிகளின்படி, ஒருவருடைய சொந்த நிலத்தில் மண், நீர் பாதுகாப்பு வேலை செய்யப்பட்டால், அச்செலவில் குறைந்தது 10 சதவிகிதம் அவர் கொடுக்கவேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 5 சதவிகிதம் போதும். 20,000 ரூபாயில் வரப்பு போட்டால் ஒருவர் 2,000 ரூபாயும், சிறு விவசாயியாயின் 1,000 ரூபாயும் கொடுப்பார். பணமில்லாதவர் உடலுழைப்பாகவும் கொடுக்கலாம். அவ்வுழைப்பின் மதிப்புக்குச் சரியான தொகை திட்டக் கணக்கிலிருந்து எடுத்துச் சேர்க்கப்படும்.

இதை ஒரு வரியாக நினைத்து முணுமுணுப்பவர்கள் பலர். இப்பணம் கஜானாவுக்குப் போவதில்லை. நீர்வடிப்பகுதி அபிவிருத்தி நிதி என்ற பெயரில் ஊரின் தனிப் பாங்குக் கணக்கில் நிற்கிறது. சர்க்கார் பணம் சில வருஷங்களில் முடிந்துவிடும். அதற்குப் பின் பொது நிலத்திலுள்ள அணையையும் குட்டையையும் பழுது பார்க்க ஊரிடம் இருப்பது இந்நிதி ஒன்றே. அதனால்தான் அதில் குறைந்தது பாதியைப் பொது வேலைகளின் பராமரிப்புக்கென ஒதுக்கி வைக்கவேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். சொந்த நிலத்து வரப்பை இந்நிதியிலிருந்து பழுது பார்க்க இடமில்லை. அது நிலத்துக்காரரின் பொறுப்பு.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் எழுதவேண்டியிருக்கிறது. சில இடங்களில் நிலத்துக்காரர் பங்கைக் கொடாமல், வேலை செய்த கூலியாட்களின் சம்பளத்தில் பிடித்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். நிலமில்லாதவன் வயிற்றில் அடித்து நிலமுள்ளவனுக்கு வரப்பு போடுவதென்பது இதுவே. தாளில் பங்கு வந்திருக்கும்; ஆனால் வரப்பு உடைந்தால் மண்வெட்டி எடுக்கும் அக்கறை நிலத்துக்காரருக்கு வந்திராது. நான் பார்த்த ஒரு கிராமத்தில் மூன்றாவது வடகிழக்குப் பருவத்திலேயே தடுப்பணை விளிம்பு வரை வண்டல் நிரம்பிவிட்டது. நிதி எங்கே என்று கேட்டபோது, கமிட்டியார் சிலருக்குக் கடனாகப் போயிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வந்ததா என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நிலமில்லாதவரையும் பங்காளியாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஹரியானாவில் சிவாலிக் குன்றுகளின் அடியிலுள்ள சுகோமாஜ்ரி கிராமம் பிரசித்தமான உதாரணம். சண்டிகர் நகரத்தின் சுக்னா ஏரி 1958-ல் கட்டப்பட்டது. சில வருஷங்களுக்குள்ளாகவே வண்டலால் தூர்ந்துவந்தது. ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையான குன்றுகளிலிருந்தே அம்மண் வந்தது. மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா முன்னின்று 1976 முதல் அங்கே சிறு மண் அணைகள் கட்டுவித்தார். முதலில் அணையின் கீழ் நிலமுள்ள சிலருக்கே நீர் கிடைத்தது. மற்றவர்கள், எங்களுக்கு என்ன லாபம், நாங்கள் ஏன் மேய்ச்சலை நிறுத்தவேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிறகு, நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடும்பத்துக்கு ஒரு சம பங்கு ஜலம் என்று ஏற்பாடு செய்தார்கள். வேண்டாதவர் தம் பங்கை விற்றுக்கொள்ளலாம். அதன் பின் வேலி போடாமலே குன்று காக்கப்பட்டது. கயிறும் காகிதமும் செய்ய உதவும் பாபர் புல் வளர்ந்து சங்கத்துக்கு வருமானமும் தந்தது. ஆயினும் பிற்காலத்தில் அங்கும் அணைகளில் வண்டல் சேர்ந்து தேக்கம் குறைந்தது. நல்ல ஊரானாலும் தூர் வாராமல் தீராது.

பங்கு கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. குடிமராமத்து என்ற பழைய வழக்கத்தை வற்புறுத்த 1858-ல் சென்னை ராஜதானியில் சட்டமே செய்தார்கள். 2017-ல் தமிழ்நாட்டில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளுடன் அப்பெயரில் திட்டம் தொடங்கியபோதும், பாசனக்காரர் பங்கு 10 சதவிகிதம் என்றே வைத்தார்கள்.

ஆகவே, நீர்வடிப்பகுதி வேலை வரவிருக்கும் ஊர்களில், முதற் கல் வைப்பதற்கு முன் மூன்று செய்திகளைக் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதிக்கொள்வது நலம்: இன்ன சர்வே நம்பரில் இன்ன வேலைக்கு இன்னார் பங்கு எவ்வளவு, குட்டை மீனுக்கும் புறம்போக்குப் புல்லுக்கும் வரும் பணத்தில் நிலமில்லாதவர் பாகம் என்ன, நிதியிலிருந்து கடன் கொடுப்பதானால் எத்தனை மாதத் தவணை. கூலிப் பட்டியலை வேலை நடக்கும் இடத்திலேயே உரக்க வாசித்துவிட்டால் பிடித்தம் செய்ய ஒருவருக்கும் துணிவு வராது. மார்ச்சு 22-ல் கூடும் கிராம சபையில் நிதிக் கணக்கை வாசித்தால், கோடையில் குட்டைகள் வற்றியிருக்கும்போதே உரிய அனுமதி பெற்று வண்டலை எடுத்து வயலுக்கு அடித்துக்கொள்ள இரண்டு மாதம் கிடைக்கும்.