நகம் தட்டும் விளிம்பு

டி-72 டாங்கிகளுக்கு 1000 குதிரைத்திறன் இன்ஜின் வாங்க, ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 24.8 கோடி டாலர். தொழில்நுட்பத்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குக் கொடுக்கவும் ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. இப்போது அந்த டாங்கிகளில் இருப்பது 780 குதிரைத்திறன் இன்ஜின். பழைய வண்டியில் வேறு இன்ஜினை இறக்குவது, ஆவடி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் கார் பட்டறைகளுக்குப் புதிய பேச்சு இல்லை. ஆவடியில் நடப்பது அதே வேலையின் பெரிய அளவு.

செய்தியைப் படித்த பலர், பழையதை விடப் பெரிய இன்ஜின் வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். டி-72இன் 780 குதிரைத்திறன் இன்ஜினையும், ஆவடி இன்ஜின் தொழிற்சாலையில் தயாராகும் டி-90 டாங்கியின் 1000 குதிரைத்திறன் இன்ஜினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. இரண்டுக்கும் 12 சிலிண்டர், 150 மில்லிமீட்டர் விட்டம், மொத்தக் கொள்ளளவு 38.88 லிட்டர். அமெரிக்கர்கள் ‘பிக் பிளாக்’ என்று கொண்டாடும் செவ்ரோலெட் 454 கார் இன்ஜின், ஏழரை லிட்டரைக்கூடத் தொடாது. டாங்கி இன்ஜினில் கூடியது இரும்பு இல்லை, காற்று. பழையதில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பல்சக்கரம் வழியாக இன்ஜினே சுற்ற வேண்டும். புதியதில் வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போ சுழல்கிறது. அதே சிலிண்டருக்குள் அதிகக் காற்று, அதற்கேற்ப அதிக டீசல், அதிக அழுத்தம்.

வரலாறு கொஞ்சம். இந்த இன்ஜின் குடும்பத்தின் மூதாதை வி-2, 1939இல் கார்கிவில் உற்பத்திக்கு வந்து டி-34 டாங்கியை ஓட்டியது. ஆவடியில் 1965இல் வெளிவந்த விஜயந்தா டாங்கியில் இருந்தது இந்தக் குடும்பத்தைச் சேராத லேலண்டின் எல்60 இன்ஜின். கார் பக்கம் வந்தால், இன்ஜின் மாற்றத்துக்கு 1984இல் வந்த கான்டெசா கார் நல்ல உதாரணம். பெரிய உடம்புக்கு அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினைக் கொடுத்துவிட்டு, அது இழுக்காமல் போகவே, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே பிறகு 1817 சிசி இசுசு இன்ஜினைப் பொருத்தியது.

அந்த இசுசுவோ வேறொரு பெரிய இன்ஜினோ பழைய மார்க்கெட்டில் கிடைத்தால், வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்? விற்பவர் குதிரைத்திறனைச் சொல்வார், ஓடிய கிலோமீட்டரைச் சொல்வார், தண்ணீர் அடித்துக் கழுவிப் பெயின்ட் பூசிய பிளாக்கைக் காட்டுவார். இவை எதிலும் இன்ஜினின் வயது இல்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றச் சொல்லி, சிலிண்டருக்குள் விரலை விட்டு, கீழிருந்து மேல் விளிம்பை நோக்கி நகத்தை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் ஓரிடத்தில் படிபோலத் தட்டினால் அதுதான் வயது.

அந்தப் படி எப்படி வருகிறது என்பதுதான் இதில் அழகான விஷயம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இசுசுவின் பிஸ்டனுடைய சராசரி வேகம் வினாடிக்கு 8 மீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் பிஸ்டன் ரிங் சுவரைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். மைக்ரான் கணக்கிலான ஆயில் படலத்தின் மேல் சறுக்கிப் போகிறது. அந்தப் படலத்தைத் தாங்கிப் பிடிப்பதே வேகம்தான். ஆனால் வினாடிக்கு 100 முறை, மேலே 50, கீழே 50, பிஸ்டன் திரும்புவதற்காக ஒரு கணம் நிற்கிறது. நின்றதும் படலம் நசுங்குகிறது. மேல்முனையில் சிக்கல் இன்னும் அதிகம்: வெப்பத்தில் ஆயில் தண்ணீராய் இளகியிருக்கும், எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தும். அங்கே உலோகம் உலோகத்தை உரசுகிறது. அதற்கும் மேலே, ரிங் எட்டாத ஒரு பட்டை தேயாமல் அப்படியே நிற்கும். நகம் தட்டுவது அந்த எல்லையில்தான். அழுத்தம் கூடக்கூட இந்த இடத்துக்குப் பாரமும் கூடும் என்பதால், டர்போ மாட்டி ‘பவர் ஏற்றித் தருகிறோம்’ என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சிலிண்டர் அளவை.

அளவு என்றால் ஒரே இடத்தில் எடுப்பது இல்லை. மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் டயல் கேஜை விட வேண்டும். மேலுக்கும் அடிக்கும் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் கனம், வித்தியாசம் வந்தாலே யோசிக்க வேண்டிய நிலை. பெட்ரோல் இன்ஜினில் ஹெட்டைக் கழற்ற விடவில்லை என்றால் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் அழுத்தத்தைப் பார்க்கலாம். அளவு குறையும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயிலை ஊற்றி மறுபடி பார்த்தால், முள் ஏறினால் கோளாறு ரிங்கிலோ சுவரிலோ. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ.

தேய்ந்த சிலிண்டரை அகலமாகக் கடைந்து ரீபோர் செய்தால் இன்ஜின் பெரிதாகிவிடும், பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். இசுசுவின் 84 மில்லிமீட்டர் விட்டத்தை ஒரு முழு மில்லிமீட்டர் கூட்டினாலும் கொள்ளளவு 1817இலிருந்து 1861 சிசிக்குத்தான் போகும். இரண்டரை சதவீதம்கூட இல்லை. ஏற்கெனவே பலமுறை கடைந்த பிளாக்கில் ஸ்லீவ் என்ற உள்குழாய் போட வேண்டிவரும். மோசமாக விரிசல் கண்ட பிளாக்குக்கு அதுவும் உதவாது. அது காயலான் கடைக்கு எடைக்குப் போகும்; கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உலைகளுக்குப் பழைய இரும்பு எந்நாளும் தேவை.

வேறு இன்ஜின் பொருத்தும்போது சட்டத்தையும் மறக்கக் கூடாது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இன்ஜினைத் தூக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ரீபோரில் கடைந்த சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் நல்லது என்று தோன்றும். வீட்டு அம்மியை நினைத்துப் பார்த்தால் அது ஏன் தவறு என்று புரியும். வழவழத்த அம்மியில் தேங்காய் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. அதனால்தான் ‘அம்மி கொத்தறது’ என்று தெருவில் குரல் கேட்டதும் பாட்டிகள் ஓடிப்போய்க் கூப்பிட்டார்கள். உளி போடும் சின்னச் சின்னக் குழிகளில் ஈரம் தங்கும், பிடிமானம் வரும். சிலிண்டரில் அந்த உளியின் வேலையைச் செய்வது ஹானிங் கல். சுழன்றபடியே மேலும் கீழும் போய், ஒன்றையொன்று வெட்டும் சாய்ந்த கோடுகளைச் சுவர் முழுக்கப் போடும். ஆயில் அந்தக் கோடுகளில் தங்குகிறது. பிஸ்டன் நிற்கும் அந்த ஒரு கணத்துக்கு ரிங்குக்குக் கிடைக்கும் ஆயில் அதுதான்.

ஒப்புமை இன்னும் தூரம் போகும். அதிகமாகக் கொத்திய அம்மியில் பாதிச் சட்னி குழியிலேயே தங்கிவிடும். அதிகமாகக் கீறிய சிலிண்டர் ஆயில் சாப்பிடும். அம்மியைக் கொத்தும்போது குழவியையும் கொத்துவார்கள். சுவரைப் புதுப்பித்தால் ரிங்கும் புதிதாக வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் பிரிகின்றன: அம்மி நடுவில் குழிவது கையின் பாரத்தால், சிலிண்டர் மேலே குழிவது பிஸ்டன் நிற்பதால்.

கொத்திய அன்று அரைக்கும் முதல் ஈடு கல்மண் கலந்து நறநறக்கும். எதையாவது அரைத்துக் கொட்டிக் கழுவிய பிறகுதான் சட்னி. ஹானிங் செய்த சிலிண்டரிலும் அதே மண் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பொடியாக, கோடுகளுக்குள். மண்ணெண்ணெயில் துடைத்தால் பொடி இன்னும் உள்ளேதான் இறங்கும். சோப்பும் வெந்நீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயிலைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் துணியில் சாம்பல் நிறம் ஏறும். மறுபடி சோப்பு, மறுபடி துணி. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை பிஸ்டனை உள்ளே இறக்கக் கூடாது.