பழைய லேப்டாப்புக்கு ரேம்: பணம் கொடுக்கும் முன்

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று கடைக்குப் போனால், ‘ரேம் போட்டால் சரியாகிவிடும்’ என்பதுதான் முதலில் காதில் விழும். சோதிக்காமல் சொல்லும் அந்த வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள். சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். மெமரியில் பாதி காலியாக இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் தவித்தால், கோளாறு பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில். அங்கே தேவை எஸ்எஸ்டி. 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, தனி ஸ்லாட்டும் இல்லாத மாடலில் கூட்டவே வழியில்லை.

ஸ்லாட் இருந்தாலும் எல்லா ரேமும் ஒத்துப்போகாது. டிடிஆர்3-க்கும் டிடிஆர்4-க்கும் பள்ளம் வெட்டிய இடமே வேறு என்பதால் மாற்றிச் செருக முடியாது. ஏமாற்றுவது டிடிஆர்3-ம் டிடிஆர்3எல்-ம்தான்: உருவம் ஒன்று, மின்னழுத்தம் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று வேறு. 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் மற்றது கச்சிதமாக உட்காரும், மெஷின் கிளம்பாமல் போகலாம். ஸ்டிக்கரில் ‘பிசி3’-க்குப் பிறகு ‘எல்’ என்ற ஓர் எழுத்து உண்டா என்று பாருங்கள்.

‘இதற்குச் செலவழிப்பதற்குப் புதிதே வாங்கலாமே’ என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இல்லாத மெஷினுக்கு எத்தனை ஜிபி போட்டாலும் அந்தக் குறை தீராது. ஆனால் படிப்பு, எழுத்து, இணையம் போதும் என்பவருக்கு 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இலவச லினக்ஸும் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். நல்ல மெஷினைக் குப்பையாக்க வேண்டியதில்லை.

‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பது அடுத்த வலை. மிச்சமாவது 18 சதவீத ஜிஎஸ்டி. போவது உங்கள் ஆதாரம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கொள்ளளவு, வகை, வேகம், சீரியல் எண் நான்கும் எழுதி வாங்குங்கள். கடை மறுத்தால் 1915-க்குப் புகார் சொல்லலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

ரேம் மாற்ற பாஸ்வேர்டு தேவையே இல்லை, கேட்டால் கொடுக்காதீர்கள். கண் முன்னே மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ரேமும் உங்களுடையது, கேட்டு வாங்கி வாருங்கள்.